மூன்றரை சென்ட் இடமும் எம்எல்ஏ நிதியும்

எங்கள் ஊர் அங்கன்வாடி பதினோரு வருடம் வாடகை வீட்டில் நடந்தது. ஓட்டு வீடு. முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஒரே அறை, அந்த அறையிலேயே ஒரு மூலையில் அடுப்பு. மழைக்காலத்தில் நடு அறையில் ஒழுகும். டீச்சர் குண்டானையும் வாளியையும் ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டு மிச்ச இடத்தில் 19 பிள்ளைகளையும் உட்கார வைப்பார். சத்துமாவுப் பைகளை ஈரம் படாமல் கட்டில் மேல் ஏற்றி வைத்திருப்பார். என் மகள் அங்கேதான் ஆனா ஆவன்னா படித்தாள், அவளுக்குப் பின்னால் என் தம்பி மகன். கழிப்பறை கிடையாது. பிள்ளைக்கு அவசரம் என்றால் ஆயாம்மா தூக்கிக்கொண்டு வேலி ஓரம் ஓடுவார்.

அந்த மையத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது 2024 டிசம்பரில். பணம் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து வந்தது. நாங்கள் கேட்க ஆரம்பித்ததோ 2019-ல். முதல் மூன்றரை வருடம் நாங்கள் கொடுத்த மனுக்கள் ஒன்றுகூட நகரவில்லை. அப்போதெல்லாம் யார் யாரையோ திட்டினோம். இப்போது யோசித்தால், அந்த மனுக்களை வைத்துக்கொண்டு எந்த எம்எல்ஏவாலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று தெரிகிறது. என்னைப் போல மகளிர் குழுவிலோ ஊர் இளைஞர் மன்றத்திலோ இருந்துகொண்டு மனு எழுதுகிறவர்களுக்கு அந்த மூன்றரை வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எங்கள் முதல் மனு இப்படித்தான் இருந்தது: "எங்கள் ஊரில் அங்கன்வாடி மையத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லாமல் குழந்தைகள் மிகவும் சிரமப்படுகிறார்கள். அய்யா அவர்கள் கட்டடம் கட்டித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே 64 பேர் கையெழுத்து, சிலர் கைநாட்டு. அன்றைய எம்எல்ஏ ஒரு காதணி விழாவுக்கு வந்தபோது கொடுத்தோம். வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்ற உதவியாளரிடம் கொடுத்தார். அவர் கையில் ஏற்கெனவே ஒரு கட்டு இருந்தது. 2020-ல் கொரோனா வந்தது. ஒவ்வொரு எம்எல்ஏவின் தொகுதி நிதியிலிருந்தும் 1 கோடி ரூபாயைத் தடுப்புப் பணிக்கு அரசு எடுத்துக்கொண்டது. 2021 மே மாதம் தேர்தல் முடிந்து எம்எல்ஏ மாறினார். அதே மனுவைப் பெயர் மட்டும் மாற்றி மறுபடி கொடுத்தோம். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 எம்எல்ஏக்களுக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் நீண்ட நாளாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பத்தில் நம்முடையதும் வந்துவிடும் என்று டீச்சரிடம் அடித்துச் சொன்னேன். வரவில்லை. தொகுதிக்கே பத்து என்றால் அது பாலம், கல்லூரி, பேருந்து நிலையம் மாதிரியான வேலைகளுக்குத்தான் போகும் என்று அப்புறம்தான் புரிந்தது.

அந்த டிசம்பரில் எம்எல்ஏ அலுவலகத்துக்கு நாங்கள் நான்கு பெண்கள் நேராகவே போனோம். சார் சென்னையில் இருந்தார். உதவியாளர் உட்காரச் சொல்லி மனுவைப் படித்தார். படித்து முடித்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார்.

"இடம் எங்கம்மா இருக்கு?"

"ஊருக்குள்ளேயே இருக்குங்க, கோயில் பக்கத்துல."

"சர்வே நம்பர்?"

பேசாமல் நின்றோம்.

"சரி, யார் பேர்ல இருக்கு? புறம்போக்கா, பட்டாவா?"

அதற்கும் பதில் இல்லை. அவர் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். "இது எல்லாமே உங்க மனு மாதிரிதான் அக்கா. சார் கட்டித் தரேன்னு சொல்லிடலாம். எங்க கட்டுறதுன்னு கலெக்டர் கேப்பாரே, அதுக்கு நான் என்ன எழுதுறது?" என்றார். 64 கையெழுத்துக்கு இல்லாத பலம் ஒரு சர்வே நம்பருக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவே இல்லை.

இந்த நிதி எப்படி வேலை செய்கிறது என்பதை அவரிடமும் அப்புறம் ஒன்றியப் பொறியாளரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தமிழ்நாட்டில் ஒரு எம்எல்ஏவின் தொகுதி மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். 2019 வரை இரண்டரைக் கோடியாக இருந்தது. இந்தப் பணம் எம்எல்ஏ கைக்கு வருவதே இல்லை. எங்கள் ஊரில் பாதிப் பேர் அவர் பீரோவில் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். இன்ன ஊரில் இன்ன வேலை செய்யலாம் என்று எம்எல்ஏ கலெக்டருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். மாவட்ட ஊரக வளர்ச்சி முகமை அதை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பும். பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார். கலெக்டர் நிர்வாக அனுமதி கொடுப்பார். அப்புறம் தொழில்நுட்ப அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. இந்த வரிசையில் எந்த இடத்தில் இடத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

3 கோடி என்று கேட்கும்போது பெரிய தொகையாகத்தான் தெரிகிறது. மாநிலத்தில் 12,525 கிராம ஊராட்சிகள். 234 தொகுதிக்குப் பங்கிட்டால் தொகுதிக்குச் சராசரியாக 53 வருகிறது. நகரத் தொகுதிகளைக் கழித்துவிட்டால் எங்களைப் போன்ற கிராமத் தொகுதிக்கு இன்னும் கூடும். எல்லா ஊருக்கும் சமமாகப் பிரித்தால் ஊருக்கு ஐந்து லட்சம்கூடத் தேறாது. எங்கள் கட்டடத்தின் மதிப்பீடோ 16 லட்சத்துக்கு மேல். ஆக, எங்களுக்கு ஒரு எம்எல்ஏ சரி என்று சொன்னால் அந்த வருடம் இரண்டு மூன்று ஊருக்கு இல்லை என்று சொல்கிறார். இந்தக் கணக்கு தெரிந்த பிறகு அவரிடம் பேசுகிற தொனியே எனக்கு மாறிவிட்டது.

இனி இடம் தேடிய கதை. இதற்குத்தான் நான் அதிக நாள் அலைந்தேன்.

கோயில் பக்கத்து இடம் எல்லோருக்கும் பிடித்த இடம். விஏஓ அலுவலகத்தில், ஊரில் எந்த நிலம் யார் பேரில் என்று எழுதியிருக்கும் அ-பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் அது கோயில் பேரில் இருக்கிறது. அறநிலையத் துறையிடம் போக வேண்டும், அதற்கு எத்தனை வருடமோ என்று விட்டுவிட்டோம். அடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் விசாலமாக ஒரு இடம். நாங்கள் பிறந்ததிலிருந்து அதில் தண்ணீர் ஓடிப் பார்த்ததில்லை. பதிவேட்டில் ஓடைப் புறம்போக்கு. "நீர்நிலைன்னு எழுத்துல இருந்தா அதுல செங்கல்லே வைக்க முடியாதும்மா, கோர்ட் உத்தரவு" என்றார் விஏஓ. அவர் சொன்னதுதான் சரி. 2018 கனமழையில் அந்த ஓடை தெருவுக்குள் வந்ததை என் மாமியார் ஞாபகப்படுத்தினார். அங்கே கட்டாமல் போனதே நல்லது.

மூன்றாவதாகக் கிடைத்தது நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலத்தில், மூன்றரை சென்ட். காலியாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் பயன்படுத்தாத இடம் இல்லை. ஒரு பக்கம் ஒரு வீட்டுக்காரர்களின் எருக்குழி. இன்னொரு பக்கம் ஒரு பெரியவரின் வைக்கோற்போர். காகிதத்தில் அரசு இடம்தான் என்றாலும் அவர் நாற்பது வருடமாகப் போர் போட்டு வருகிறார். சட்டம் பேசி அவர்களை எடுக்கச் சொல்லலாம் என்று எங்கள் பையன்கள் சிலர் நின்றார்கள். நான் ஒப்பவில்லை. ஊருக்குள் ஒரு வீட்டைப் பகைத்துக்கொண்டு கட்டுகிற கட்டடத்துக்குப் பின்னால் வழக்கு வரும். வழக்கு வராவிட்டாலும் அந்த வீட்டுப் பிள்ளைகள் அங்கே வராது.

எருக்குழிக்காரர்கள் ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார்கள். பெரியவர் பத்து நாள் பிடிகொடுக்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் அவரே என்னைக் கூப்பிட்டார். "போரை நான் தோட்டத்துக்கு மாத்திக்கிறேன் தாயி. அந்த வேப்ப மரத்த மட்டும் வெட்டக் கூடாது. என் சம்சாரம் வச்சது" என்றார். இவ்வளவு நாளும் வைக்கோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், மரத்தைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. பொறியாளரிடம் சொன்னபோது, கட்டட வரைபடத்தை மாற்ற முடியாது, ஆனால் கட்டடத்தை ஆறடி தெற்கே தள்ளி வைக்கலாம் என்றார். அப்படித்தான் செய்தோம். இப்போது பிள்ளைகள் விளையாடுவது அந்த மரத்தடியில்.

இடம் முடிவானதும் கிராம சபை. 2023 ஜனவரி 26 கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். சந்தோஷமாக நகல் வாங்கிக்கொண்டு போனால் உதவியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அங்கன்வாடி மையக் கட்டடம் கட்ட நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று மட்டும் எழுதியிருந்தது. எந்தப் புல எண்ணில் (சர்வே நம்பரைத்தான் இப்படி எழுதுவார்கள்), எவ்வளவு பரப்பில் என்று எதுவுமே இல்லை. நல்லவேளை, 2022-லிருந்து கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை நடக்கிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கூட்டத்தில் மறுபடி தீர்மானம் போட்டோம். வேலையின் பெயர், புல எண், உட்பிரிவு எண், பரப்பு, அந்த இடத்தை மையத்துக்குக் கொடுக்க ஊராட்சிக்கு ஆட்சேபனை இல்லை என்கிற வரி, கட்டிய பிறகு மின் கட்டணத்தையும் பராமரிப்பையும் ஊராட்சி பார்த்துக்கொள்ளும் என்கிற வரி எல்லாம் அதில் இருந்தன. தீர்மானப் புத்தகத்தில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று படித்துப் பார்த்துவிடுங்கள். பேசுவது ஒன்றும் எழுதுவது ஒன்றுமாக ஆவது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

தீர்மான நகலோடு இன்னும் நான்கு காகிதம் சேர்த்தோம். அ-பதிவேட்டு நகல், இடத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படம், தாசில்தாரின் தடையின்மைச் சான்று, வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரின் கடிதம். கடைசியாகச் சொன்ன கடிதத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்த மையம் வாடகை இடத்தில் நடக்கிறது, இத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், வேறு எந்தத் திட்டத்திலும் இதற்குக் கட்டடம் ஒதுக்கப்படவில்லை என்று அதில் எழுதி வாங்கினோம். ஒரே கட்டடத்துக்கு இரண்டு திட்டத்தில் பணம் ஒதுக்கினால் தணிக்கையில் மாட்டும். அதனால் சின்னச் சந்தேகம் வந்தாலும் அலுவலகத்தில் கையெழுத்துப் போட மாட்டார்கள். தடையின்மைச் சான்றுக்குத்தான் இரண்டு மாதம் ஆனது. இரண்டு முறை நேரில் கேட்டும் பதில் இல்லாததால், மனுவின் நிலை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டேன். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் வருவதற்கு முன்பே சான்று வந்துவிட்டது. ஆனால் முதலிலேயே இந்த ஆயுதத்தை எடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பொறுமையாகக் கேட்டால் செய்து தருகிறவர்கள் அதே அலுவலகங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களையும் எதிரியாக்கிவிடும்.

காலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. நாங்கள் முன்பெல்லாம் பொங்கல் சமயத்தில் மனு கொடுத்துக்கொண்டிருந்தோம். அதற்குள் அந்த வருடத்துப் பட்டியல் முடிந்திருக்கும். இந்த முறை காகிதங்களை ஏப்ரலிலிருந்தே ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைசிச் சான்று ஜூன் முதல் வாரத்தில் சேர்ந்தது.

அந்த ஜூனில்தான் எம்எல்ஏவை நேரில் பார்த்தேன். ஐந்து காகிதத்தையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இடம் சொந்தமா இருக்கு, துறை லெட்டர் இருக்கு. அப்புறம் எனக்கு என்ன வேலை மிச்சம் வச்சீங்க?" என்று சிரித்தார். பிறகு ஒன்று கேட்டார். "பக்கத்து ஊர்ல நிழற்குடை கேக்கறாங்க, இன்னொரு ஊர்ல உலர்களம். உங்களுதை ஏன் முதல்ல போடணும்?" இதற்கு நான் தயாராகப் போயிருந்தேன். முந்தைய மழைக்காலத்தில் எந்தெந்த நாள் மையத்தைத் திறக்க முடியவில்லை என்று டீச்சர் நோட்டில் குறித்து வைத்திருந்தார். 23 நாள். அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை மட்டும் இரண்டு முறை படித்தார். அந்த வாரமே பரிந்துரைக் கடிதம் போனது. ஒழுகுகிற கூரையின் போட்டோவையும் கொண்டுபோயிருந்தேன், அதை அவர் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த ஒரு தவறு மூன்று மாதத்தைத் தின்றது. மதிப்பீடு, அனுமதி, டெண்டர் எல்லாம் முடிந்து 2024 மார்ச் 5-ம் தேதி பணி ஆணை வந்தது. ஒப்பந்தக்காரர் மறுநாளே குழி தோண்டத் தயார். எம்எல்ஏவை வைத்துப் பூமிபூஜை போட்டு ஆரம்பிக்கலாம் என்று ஊரில் எல்லோரும் ஆசைப்பட்டோம். அவருக்கு 18-ம் தேதிதான் ஒழிந்தது. காத்திருந்தோம். 16-ம் தேதி நாடாளுமன்றத் தேர்தல் அறிவித்து நடத்தை விதி அமலுக்கு வந்துவிட்டது. நடத்தை விதிப்படி, களத்தில் தொடங்கிவிட்ட வேலை தொடரலாம். பணி ஆணை கையில் இருந்தாலும் களத்தில் தொடங்காத வேலையைத் தேர்தல் முடியும்வரை தொடங்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-லேயே ஓட்டுப் போட்டு முடித்துவிட்டோம். ஆனாலும் நாடு முழுக்க முடிந்து ஜூன் 6 வரை விதி இருந்தது. பூஜையே போடாமல் ஐந்து நாளில் அஸ்திவாரம் தோண்டியிருந்தால் அந்தக் கோடையிலேயே சுவர் எழுந்திருக்கும். அதற்குப் பதிலாக மழையில் கட்டினோம். பணி ஆணை வந்தால் அன்றைக்கே மண்வெட்டி போடுங்கள், விழாவைத் திறப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். தேர்தல் வருடம் என்றால் இது இன்னும் முக்கியம்.

கட்டுமானம் நடக்கும்போது மதிப்பீட்டின் நகலைக் கையில் வைத்திருந்தோம். கம்பி எத்தனை எம்எம், தரைக்கு என்ன கல், கழிப்பறைக் கோப்பை என்ன அளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. குறை கண்டுபிடிப்பதற்காக இல்லை, மேஸ்திரியிடம் பேச ஒரு ஆதாரம் வேண்டுமே. சிறு பிள்ளைகளுக்கான குட்டைக் கோப்பை என்று அதில் எழுதியிருந்தது, வந்து இறங்கியது பெரியவர்களுக்கானது. நகலைக் காட்டியதும் மாற்றிவிட்டார்கள். அதே நகலைப் படித்தபோதுதான் சுற்றுச்சுவர் மதிப்பீட்டில் இல்லை என்பதும் தெரிந்தது. கட்டடத்துக்கு முன்னால் டிராக்டர் போகும் பாதை. சுவர் இல்லாமல் பிள்ளைகளை எப்படி விடுவது?

சுவருக்கு மறுபடி எம்எல்ஏவிடம் போக எனக்கு மனம் வரவில்லை. நமக்கு நாமே திட்டத்தில் கேட்டோம். அதில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். சுவருக்கு 3 லட்சம், எங்கள் பங்கு 1 லட்சம். எங்கள் குழுச் சேமிப்பிலிருந்து 15,000, வெளிநாட்டில் இருக்கும் இரண்டு பையன்கள் 40,000, மிச்சத்தை வீடு வீடாக வாங்கினோம். தெற்குத் தெருவில் ஒரு பாட்டி 50 ரூபாய் கொடுத்துவிட்டு ரசீது கேட்டு வாங்கிப் பத்திரமாக முடிந்துகொண்டார். அந்த 50 ரூபாய்க்கும் கணக்கு எழுதி ஊர் மந்தையில் படித்தோம். நீங்களும் பங்குத் தொகை பிரித்தால் முதல் ரூபாயிலிருந்தே ரசீது போட்டுவிடுங்கள். பணம் விஷயத்தில் ஒரு முணுமுணுப்பு வந்துவிட்டால் அடுத்த வேலைக்கு யாரும் வர மாட்டார்கள்.

டிசம்பரில் திறப்பு. எம்எல்ஏ வந்தார், கல்வெட்டில் திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகை எல்லாம் இருக்கிறது. அந்தத் தொகையைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள், வருகிறவர்கள் படிக்கட்டும். 2025 ஜனவரி 5-ல் எங்கள் ஊராட்சித் தலைவரின் பதவிக்காலம் முடிந்து, அவருக்குப் பதில் ஊராட்சியைப் பார்த்துக்கொள்ளத் தனி அலுவலர் வந்துவிட்டார். மோட்டார் பழுதானால் ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் போகிறோம். பராமரிப்பை ஊராட்சி பார்க்கும் என்று தீர்மானத்தில் எழுதி வாங்கிய வரி அங்கே இரண்டு முறை உதவியிருக்கிறது.

போன மாதம் மேற்கே இருக்கும் ஊரிலிருந்து ஆறு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு நூலகம் வேண்டுமாம். 112 கையெழுத்தோடு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள், கையெழுத்து அழகாக இருந்தது. இடம் எங்கே என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு மேடு இருக்கிறதாம், யாருடையது என்று தெரியவில்லை என்றார்கள். அவர்கள் ஊர் விஏஓ வியாழக்கிழமை அலுவலகத்தில் இருப்பார். காலையில் முதல் பஸ்ஸில் நானும் கூடப் போகிறேன்.